செதிலில் ஏறாத வருசம்

மேட்டூர் அணைக்கு மேலே, ஒகேனக்கல்லுக்குக் கீழே, காவேரி இரண்டு மொட்டைக் கரட்டுக் குன்றுகளுக்கு நடுவில் இடுப்பைச் சுருக்கிக்கொண்டு போகிற இடத்தில் முள்ளந்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஆற்று மீன் கொழுத்தால் ஆட்கள் கொழுத்தார்கள், ஆற்று மீன் வற்றினால் ஆட்கள் வற்றினார்கள். எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு காலம் சொல்வார்கள், எதனால் தொடங்கியது என்று கேட்டால் அதைத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற என்று திருப்பிக் கேட்பார்கள். சித்திரையில் பாறையில் பாசி பிடித்து மீன் மேயத் தொடங்கினால் ஊருக்குப் பசி எடுக்கும், வைகாசியில் கன்னம் எடுப்பாகத் தெரியும், ஆனியில் சேலும் கெண்டையும் சினை நிறைந்து முதுகு அகன்று சோம்பலாகத் திரும்பும்போது ஊரே முதுகு அகன்று சோம்பலாகத் திரும்பும். ஆடியில் மேற்கே மழை கொட்டிச் செந்தண்ணி இறங்கியதும் மீனெல்லாம் தண்ணிக்கு எதிரே ஏறிப் போய், வெள்ளம் பரவிய புல்மேட்டில் முட்டையை இறக்கிவிட்டு, தலை மட்டும் பெருசாக, வயிறு ஒட்டி, வாலோரம் கத்தி மாதிரி மெலிந்து திரும்பி வரும், ஆவணியும் புரட்டாசியும் ஊரில் எல்லார் தோளிலும் எலும்பு தெரியும், ஐப்பசி மழை புழுவையும் பூச்சியையும் அடித்துக்கொண்டு வர மீன் தேறும், ஆளும் தேறுவான்.

ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது, ஊருக்கு வேறு வேலை இருந்தது. டெய்லர் காதர்பாட்சா ரவிக்கைக்கெல்லாம் உள்மடிப்பு நாலு விரல் விட்டுத் தைத்தார். ஆனிக்கு ஒரு தையலைப் பிரித்துவிடுவார், ஆவணிக்கு இரண்டு தையல் போட்டு இறுக்குவார், இரண்டுக்கும் கூலி உண்டு. ஆதார் போட்டோவை ஐப்பசிக் கடைசியில், ரெண்டுங்கெட்டான் உடம்பில் எடுத்தால்தான் வருசம் பூரா எந்த ஆபீசிலும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களை ஆனியில் வரச் சொன்னார்கள். விவரமான மாப்பிள்ளை வீட்டார் புரட்டாசியிலும் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பென்னாகரம் பஸ் கண்டக்டர் ஆனியில் சீட்டுக்கு இரண்டு பேர், புரட்டாசியில் நாலு பேர் என்று உட்காரவைத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த டாக்டர் ஊருக்கே குடல்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்தார், அடுத்து வந்தவர் ஊருக்கே சர்க்கரை பார்த்தார், அதற்கடுத்து வந்தவர் அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு அவரும் ஆனியில் பெல்ட்டைத் தளர்த்தினார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பையன்கள்கூடத் தப்பவில்லை. "ஏம்மா, அங்க தண்ணி வந்துருச்சா?" என்று ஆடியில் போன் வரும். "நேத்து வந்துச்சுடா, ஏன்?" "ஒண்ணுமில்லை, பேண்ட்டு நிக்க மாட்டேங்குது."

இந்த ஊரில் ஏறாமலும் இறங்காமலும் இருந்த ஒரே உடம்பு அங்கண்ணனுடையது.

அங்கண்ணன் மீசை முளைக்காத வயசில் ஐஸ் லாரியில் ஒட்டிக்கொண்டு வந்து இறங்கியவன். அடிதான் அவனுக்கு வாத்தியார், உதைதான் புத்தகம். கூடை தூக்கினான், ஐஸ் உடைத்தான், தராசு பிடித்தான், ஏமாந்தான், ஏமாந்த இடத்திலேயே நின்று எப்படி ஏமாந்தோம் என்று பார்த்துக்கொண்டான், கடைசியில் துறையில் ஏலம் எடுக்கிற ஆளாக நின்றான். மீனைத் தூக்கிக் கட்டைவிரலை வயிற்றில் ஓர் அழுத்து அழுத்துவான், அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த மீன் அவன் வாயில் படுகிற பாடு ஆற்றில் எந்த முதலையிடமும் பட்டிருக்காது. கண்ணு மங்கிப் போச்சு என்பான், செவுள் வெளுத்துப் போச்சு என்பான், இதை நீ காசு கொடுத்து எங்கிட்டத் தள்ளணும்யா என்பான். அதே மீனைச் சேலத்து வியாபாரியிடம் விற்கும்போது அது கைலாசத்தில் பிறந்து வளர்ந்த மீனாக இருக்கும். படியாவிட்டால் கோபம் வரும், படிந்துவிட்டாலும் இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாமே என்று கோபம் வரும். ஏன் இவனுக்கு மட்டும் உடம்பு மாறவில்லை என்று ஊர் யோசித்தது. விற்கிறதைத் தின்னக்கூடாது என்று அவன் மீன் தொடுவதில்லை, அதனால்தான் என்றார்கள் சிலர். ஆனால் மீனை மோந்துகூடப் பார்க்காத கோயில் பூசாரி ஆனியில் பூணூல் இறுக உட்கார்ந்திருந்தார். கடைசியில் பரிசல்காரர்களுக்கெல்லாம் பெரியவனான சடையன்தான் தீர்ப்புச் சொன்னான்: "ஆறு அவனோட பேரம் பேசிப் பாத்துச்சு. கட்டுபடியாகலைன்னு விட்டுட்டுப் போயிருச்சு."

அவன் பெண்டாட்டி பாவாயி ஆறே இல்லாத ஊரிலிருந்து வந்தவள். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் பார்க்கிற கரட்டுக்காட்டில் பிறந்தவளை இந்த ஆறு மற்ற எல்லாரையும் விட அதிகமாகப் பிடித்துக்கொண்டது. ஆனியில் அவள் வாசலில் வந்து நின்றால் வாசல் நிறையும். பாடுவாள், பக்கத்து வீட்டு அடுப்புக்கும் சேர்த்து விறகு ஒடிப்பாள், அங்கண்ணன் யாரையாவது திட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தால் "மீதியை நாளைக்கு வச்சுக்கங்க, சோறு ஆறுது" என்பாள். புரட்டாசியில் அதே பாவாயி பாயில் கிடப்பாள். வளையலை நூல் சுற்றி நிறுத்தியும் நிற்காது, தண்ணி டம்ளர் கனக்கிறது என்பாள், அவன் அவளைத் தூக்கி வெயிலில் உட்காரவைக்கும்போது ஈரத்துண்டைத் தூக்குகிற மாதிரி இருக்கும். மற்றவர்கள் வருசா வருசம் ஒரே அளவு இறங்கினார்கள், பாவாயி வருசத்துக்கு வருசம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினாள். பெல்ட் தளர்த்துகிற அந்த டாக்டர் ஒரு புரட்டாசியில் அவனை வெளியே கூட்டிப் போய்ச் சொன்னார்: "இந்தத் தடவை மேல வந்துட்டாங்க. இன்னொரு இறக்கம் இந்த உடம்பு தாங்காது." அங்கண்ணன் பழக்கதோசத்தில், "பாத்துச் சொல்லுங்க சார், கொஞ்சம் முன்ன பின்ன..." என்றான். டாக்டர் முன்னும் பின்னும் வரவில்லை.

பேரம் படியாத இடத்தில் ஆளை மாற்றிப் பேச வேண்டும் என்பது அங்கண்ணன் அடிபட்டுக் கற்ற பாடம். அவன் டாக்டரை விட்டுவிட்டு ஆற்றோடு பேசக் கிளம்பினான்.

துறைக்கு மேலே இரட்டைப் பாறை என்று இருந்தது. ஆறு முழுவதும் அந்த இரண்டு பாறைக்கு நடுவில்தான் நுழைந்து வர வேண்டும், ஏறுகிற மீனும் அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். ஆடி பிறந்தால் முள்ளந்துறைக்காரர்கள் வலைகளை அலசி மஞ்சள்தண்ணி தெளித்துக் கோயில் மதிலில் போட்டுவிடுவார்கள். ஏறிப் போன மீன் இறங்கி வருகிறவரை யாரும் வலை தொட மாட்டார்கள், அதிலும் இரட்டைப் பாறையில் கால் நனைக்கக்கூட மாட்டார்கள், மாசமான பெண்ணை வழிமறிக்கிறவன் வீட்டில் விளக்கு நிற்காது என்று பேச்சு. அந்தப் பாறைக்கு நடுவில் வலை கட்ட வேண்டும் என்று அங்கண்ணன் ஆனி பிந்திய நாளொன்றில் ஏலக் கொட்டகையில் ஊரைக் கூட்டிச் சொன்னான்.

"மூணு வருசம் கட்டுவோம்," என்று ஆரம்பித்தான், ஒன்று வேண்டியவன் மூன்றில்தான் ஆரம்பிக்க வேண்டும். "மீன் ஏறலைன்னா முட்டை விடாது. முட்டை விடலைன்னா வத்தாது. மீன் வத்தலைன்னா உங்க பொண்டாட்டி புள்ளைங்களும் வத்தாது. இதுல எது புரியலை?"

"நல்லாப் புரியுது மொதலாளி," என்றான் சடையன். "நிறைமாசக்காரியை வெளிய விடாம கதவைச் சாத்தி வச்சா கடைசி வரைக்கும் குண்டாவே இருப்பாங்கறீங்க. அதான?"

கொட்டகை சிரித்தது. ஆனிச் சிரிப்பு, தொந்தி குலுங்கிய சிரிப்பு. அங்கண்ணனுக்குக் காது சிவந்தது.

"சிரிங்கடா. நல்லாச் சிரிங்க. புரட்டாசியில சிரிக்கறப்ப மூஞ்சில பல்லு மட்டும்தான் இருக்கும்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் எல்லார் வீட்டிலும் ஒரு பாய் இருந்தது, எல்லார் பாயிலும் புரட்டாசியில் ஒருவர் கிடந்தார். சடையன் வீட்டில் அவன் மருமகள் பிள்ளை உண்டாகியிருந்தாள், அவள் எப்படி இந்த ஆவணியைத் தாண்டப் போகிறாள் என்று அவன் குலதெய்வத்துக்கு முடிந்து வைத்திருந்த மஞ்சள் துணி வீட்டு நிலைப்படியில் தொங்கிக்கொண்டிருந்ததை அங்கண்ணன் கொட்டகைக்கு வரும்போதே பார்த்திருந்தான். பார்த்ததை விடுகிற ஆள் இல்லை அவன். அதைச் சொன்னான். சடையன் துண்டை உதறித் தோளில் போட்டான், மறுபடி எடுத்து உதறினான். "மூணெல்லாம் ஆகாது," என்றான். "ரெண்டு," என்றான் அங்கண்ணன். "ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அதுவும் நான் கைவைக்க மாட்டேன், வலையை நீங்க கட்டிக்கங்க." கையடித்துக்கொண்டார்கள். ஒன்றுக்குத்தான் வந்தோம், ஒன்று கிடைத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாமே என்று அன்றைக்கும் அங்கண்ணனுக்குக் கோபம் வந்தது.

இரும்பு வடம் போட்டு, அடியில் கல் கோத்து, பாறைக்குப் பாறை வலையை இழுத்துக் கட்டினான். செந்தண்ணி வந்தது. மீன் வந்தது. எதிரேறி வந்த மீனெல்லாம் வலையில் வந்து முட்டியது. முட்டிப் பின்வாங்கி மறுபடி முட்டியது. கதவைத் தட்டுகிற சத்தம் மாதிரி, உள்ளே ஆள் இருக்கிறது தெரிந்துதான் தட்டுகிறேன் என்கிற மாதிரி, பகலெல்லாம் ஆற்றிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டேயிருந்தது, ஊரில் பெண்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். பிறகு சத்தம் நின்றது. மீன் வயிற்றில் இருந்ததை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு திரும்பி ஆழத்துக்குப் போய்விட்டது.

ஆவணி வந்தது, யாரும் வற்றவில்லை. புரட்டாசி வந்தது, கன்னம் கன்னமாகவே இருந்தது. சடையன் மருமகள் நல்ல சுகமாகப் பிள்ளை பெற்றாள். காதர்பாட்சா மட்டும் இறுக்குகிற கூலி போச்சே என்று புலம்பினார். பாவாயி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு முதல் தரம் புரட்டாசியை நின்றுகொண்டு பார்த்தாள். இங்க புரட்டாசி வெயில் இப்படியா இருக்கும் என்றாள், ஆத்தோரம் இந்த மஞ்சப் பூ எல்லா வருசமும் பூக்குமா என்றாள். அவளுக்கு மொபெட் ஓட்டக் கற்றுக்கொடுத்தான் அங்கண்ணன்; அவள் கரட்டுச் சரிவில் வண்டியோடு போய்ச் சோளக்காட்டில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள், திட்டுவதற்கு ஓடி வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். சேலத்துப் பொருட்காட்சிக்குப் போனார்கள். ராட்டினத்தில் உச்சிக்குப் போனபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான், அவள் மூடவில்லை, ஏற்காட்டு மலையில் எரிகிற விளக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கீழே இறங்கி வளையல் கடையில் அவள் ஒன்றைக் காட்டினாள், கடைக்காரன் விலை சொன்னான், அங்கண்ணன் எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தான், கொஞ்ச தூரம் போன பிறகுதான் பேரமே பேசவில்லை என்பது உறைத்தது, உறைத்தும் கோபம் வரவில்லை. கோபம் வராததை நினைத்து வழியெல்லாம் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தான்.

நல்லதாகத்தான் இருந்தது, ஆனால் இறங்காத பாரம் மாதிரி ஏதோ ஒன்று ஊர் முழுக்க இருந்தது. பெண்கள் வயிறு கனக்கிறது என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் செருப்பு சிறுசாகவில்லை, சட்டை குட்டையாகவில்லை, நல்ல துணி, உழைக்குது என்று தாய்மார்கள் சந்தோசப்பட்டார்கள். ஐப்பசியில் கரையோரம் புகை மாதிரி மொய்க்கிற குஞ்சு மீன் அந்த வருசம் இல்லை.

குஞ்சு ஏன் இல்லை என்று பார்க்க மாசியில் மீன்துறை இன்ஸ்பெக்டர் அம்மா ஒருத்தி ஜீப்பில் வந்தாள். அங்கண்ணன் வாசலில் உட்கார்ந்து ஒரு சேலின் செதிலைப் பிய்த்துக் கழுவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து அவனைப் பார்க்கச் சொன்னாள். செதிலில் மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வட்டம் வட்டமாக ஓடியது.

"நல்லாத் தின்னு வளர்றப்ப கோடு தள்ளித் தள்ளி விழும். மெலியறப்ப நெருக்கி விழும். அந்த நெருக்கம்தான் வருசக்கோடு. அதை எண்ணித்தான் மீனுக்கு வயசு சொல்றது," என்றாள். பிறகு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல போன புரட்டாசிக் கோடே விழலைங்க. எடுத்த மீன் எதுலயும் இல்லை. இந்த மீனுங்களுக்குப் போன வருசம்னு ஒண்ணு நடக்கவே இல்லைங்கற மாதிரி இருக்கு."

"மெலியலை, அதனால விழலை. நல்லதுதான?" என்றான் அங்கண்ணன்.

"மீனுக்கு என்னங்க, நல்லதா கெட்டதான்னா அது சொல்லப் போகுது," என்று அந்த அம்மா செதிலைக் கவரில் போட்டுக்கொண்டு காப்பி குடித்துவிட்டுப் போனாள். அங்கண்ணனும் அதை மறந்துபோனான்.

சித்திரை முதல் நாள் காலை. பாவாயி வாசல் தெளிக்கப் போனவள் திரும்பி வந்து, "ஏனுங்க, நம்ம வாசல்ல ஒரு வண்டி நிக்குது. யாருது?" என்றாள்.

அவன் விளையாட்டு என்று நினைத்தான். அவள் கையில் கிடந்த வளையலைக் காட்டி இது எங்கே வாங்கினது என்று கேட்டான். "இதைத்தான் நானும் காலையில இருந்து பாக்கறேன். எங்க அம்மா குடுத்ததா?" என்றாள். அவன் போனை எடுத்துச் சோளக்காட்டில் அவள் வண்டியோடு கிடக்கிற படத்தைக் காட்டினான். அவள் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "என்னை மாதிரியே இருக்கா," என்றாள். "பாவம், எவ்வளவு சந்தோசமா இருக்கா பாருங்க."

வெளியே ஓடினான். ஊர் முழுவதும் அப்படித்தான் இருந்தது. போன வருசம் ஆனி பாதி வரைக்கும் எல்லாருக்கும் நினைவிருந்தது, அதற்கப்புறம் நேராக இந்தச் சித்திரை. மீன் செதிலில் போலவே ஆட்களிடமும் நடுவில் நெருக்கி விழ வேண்டிய கோடு விழாததால் அந்த வருசத்தைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் போய்விட்டது. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. காலண்டர் அடித்தவன் தப்பாக அடித்துவிட்டான் என்று முடிவு செய்தார்கள். அந்த ஆவணியில் கல்யாணமான ஒரு ஜோடி காலையில் எழுந்து ஒருவரையொருவர் பார்த்து அலறிப் போர்வையை இழுத்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் கூடி, அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, ஆனாலும் தாலியைப் பார்த்து, சரி, இவளை இவனுக்குத்தான் கட்டியிருக்கிறோம் போலிருக்கிறது என்று அறிமுகம் செய்துவைத்தார்கள், அவர்களும் மெல்லப் பழகிக்கொண்டார்கள். கார்த்திகையில் இறந்த ஒரு மனிதருக்கு அவர் வீட்டில் தினமும் இலை போட்டார்கள், எங்கே போனாரோ, வந்துவிடுவார் என்று. சடையன் மருமகள் தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது, அவளுக்குப் பால் சுரந்தது. என்னுதாத்தான் இருக்கணும் என்று எடுத்துக்கொண்டாள், ஆனால் பெற்ற வலியைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காமல் பல நாள் அழுதாள்.

ஆறு தன் கணக்கில் சேர்க்காமல் விட்ட அங்கண்ணனுக்கு மட்டும் எல்லாம் இருந்தது. ராட்டினம் இருந்தது, ஏற்காட்டு விளக்கு இருந்தது, சோளக்காட்டு வாசனை இருந்தது. ஊரையெல்லாம் கொள்முதல் செய்தவன் மாதிரி அந்த வருசம் பூராவையும் அவன் ஒருவனே வைத்திருந்தான், அதில் ஒரு துண்டைக்கூட யாரிடமும் தள்ள முடியவில்லை.

வைகாசி போனது, ஆனி வந்தது, இரட்டைப் பாறையில் வலை அப்படியே தொங்கியது. சடையன் அதைப் பார்த்துவிட்டு வந்து ஏலக் கொட்டகையில் கத்தினான். "எந்தப் பாவிப்பய மொதலாளி அங்க வலை கட்டினது? கையில கிடைச்சான்னா அவன் குடலை எடுத்துக் காயப்போடுவேன்."

"பாவிதான்," என்றான் அங்கண்ணன். "விடு, நான் விசாரிக்கறேன். நான் சொல்ற வரைக்கும் தொடாத."

அன்று மத்தியானம் அவன் பாவாயியிடம் டாக்டர் சொன்னதை, வலை கட்டினதை, அதனால் வருசம் தொலைந்ததை எல்லாம் சொன்னான். வாழ்நாளில் முதல் தரமாக எதையும் கூட்டாமல் குறைக்காமல் ஒரு சரக்கை எதிராளி முன்னால் வைத்தான். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த வருசமும் வலை அங்கயே இருந்தா நான் வத்த மாட்டேன்."

"மாட்டே."

"உசுரோட இருப்பேன்."

"இருப்பே."

"அடுத்த சித்திரையில இன்னைக்கு நாம பேசறது எனக்கு ஞாபகம் இருக்காது."

அவன் முறத்திலிருந்து ஓர் அரிசியை எடுத்து நகத்தால் கீறினான்.

"அவுத்து விடுங்க," என்றாள்.

அங்கண்ணனுக்குக் கோபம் வந்தது. எல்லாக் கோபமும் வந்தது. முறத்தைப் பிடுங்கி எறிந்தான், அரிசி வாசல் வரை சிதறியது. நீ செத்துப் போறதுக்கா நான் ஆத்தோட மல்லுக்கு நின்னேன் என்று கத்தினான், ஞாபகத்தை வச்சு என்னடி பண்ணப் போற, உசுரு பெருசா ஞாபகம் பெருசா என்று கத்தினான், தெருவே நின்று கேட்டது, என்ன சண்டை என்றுதான் தெருவுக்குப் புரியவில்லை. அவள் எதிர்த்துப் பேசவில்லை. குனிந்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டே, யாரையோ விசாரிக்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டாள்.

"போன வருசம் நான் யார் கூடங்க வாழ்ந்தேன்?"

"என் கூடத்தான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் அதற்கு என்ன விலை சொல்வான். ஆடி பிறந்து செந்தண்ணி வந்து, மீன் மறுபடி வலையில் முட்டத் தொடங்கியதும், பாவாயி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, அவன் சடையனைக் கூட்டிக்கொண்டு பரிசலில் போனான். இரண்டு பேரும் சேர்ந்துதான் வடத்தை அறுத்தார்கள். சடையன் கட்டினவனையும் அவன் வம்சத்தையும் அவன் வம்சத்துக்கு வாக்கப்பட்டவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டே அறுத்தான், அங்கண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டான். கடைசி இழை விட்டதும் பாறைக்கு நடுவில் ஆறு கறுத்தது. இரண்டு வருசச் சினையைச் சுமந்த மீனெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பரிசலைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போயின.

அந்த ஆவணியில் ஊர் இரண்டு வருசத்து இறக்கத்தை ஒன்றாக இறங்கியது. பிள்ளைகள் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்து காலையில் எழுந்து கதவு நிலையில் இடித்துக்கொண்டார்கள். வயசானவர்கள் சிலர் போனார்கள். இழவு வீடுகளில் ஊர் அங்கண்ணனைத் தோளில் தட்டி, உன் வீட்டிலும் முடியலையாமே, தைரியமா இரு என்றது. அவன் தலையாட்டினான். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாய் வரை வந்தது, சொன்னாலும் வாங்கிக்கொள்கிற ஆள் யாரும் அங்கே இல்லை.

பாவாயி கடைசியாகப் படுத்தது புரட்டாசி நடுவில். அவள் கேட்ட வெயிலை ஜன்னலோரம் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தான். ஆற்றோரம் மஞ்சள் பூத்திருந்தது. மீன் இறங்கி வந்துவிட்டது என்று யாரோ தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

"அந்த வருசத்தைச் சொல்லுங்க," என்றாள்.

"என்னத்தைச் சொல்றது," என்றான் அங்கண்ணன். "பெருசா ஒண்ணுமில்லை, புள்ள. எல்லா வருசம் மாதிரிதான். வண்டி ஓட்டறேன்னு ஒரு நாள் விழுந்து எந்திரிச்சே. சேலத்துக்கு ஒரு தடவை போனோம், ஒரே கூட்டம், தூசி. ராட்டினம் பழசு, கடகடன்னு ஆடுச்சு. அந்த வளையல்கூட மட்டமான சரக்கு. நீ இழந்துட்டேன்னு நினைக்கற அளவுக்கு அதுல எதுவும் இல்லை."

அவள் உதட்டோரம் அசைந்தது. சிரிக்கிற அளவுக்கு முகத்தில் சதை இல்லை.

"சரக்கை மட்டம் தட்டறது வாங்கறவன் பேச்சுங்க," என்றாள். "உங்களை எனக்குத் தெரியாதா. நீங்க இன்னும் அதை வாங்கத்தான் பாக்கறீங்க."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"விக்கறவன் மாதிரிச் சொல்லுங்க. நான் வாங்கிக்கறேன்."

அப்போது அவன் சொல்ல ஆரம்பித்தான். வற்றாத ஆவணியின் முதல் நாள் காலையிலிருந்து ஆரம்பித்தான். வாசலில் நின்று அவள் வெயிலைப் பார்த்ததை, சரிவில் வண்டி போன வேகத்தை, சோளத்தட்டை முறிந்த சத்தத்தை, அவள் சிரித்த சிரிப்பை அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததை, பஸ்ஸில் அவள் அவன் தோளில் தூங்கிப் போனதை, ராட்டினம் உச்சிக்குப் போனபோது அவன் கண்ணை மூடிக்கொண்டதை, மூடின கண்ணுக்கு அவள் ஒவ்வொரு விளக்காகச் சொன்னதை, அந்த விளக்குகளை அவள் சொன்ன அதே வரிசையில், எதையும் விடாமல், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னான். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று பயந்து திரும்பாமலே சொன்னான். பங்குனி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, "அவ்வளவுதான்," என்று திரும்பினான்.

கை சில்லிட்டிருந்தது. எப்போது சில்லிட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. ராட்டினம் வரைக்கும் கேட்டாளா, சோளக்காட்டோடு போய்விட்டாளா, வாசல் வெயிலையாவது வாங்கிக்கொண்டாளா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு துறையில் மீன் வந்து இறங்கும்போதெல்லாம் கட்டைவிரலை வயிற்றில் வைத்தபடி அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றான். வியாபாரிகள் விலை சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். அவன் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தான்.